பத்தில் பிடித்தவன்

முதல் பலகை குறைந்தபோது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. மழை பெய்வதும் நிற்பதுமாக இருந்தது. கார் வாங்காத தங்கை வீட்டின் கார் ஷெட்டில், தகரக் கூரைக்குக் கீழே, அண்ணன் ஒரு கோடியில் அளவு டேப்பின் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றான். மறு கோடியில் நுனி அவள் கையில் இருந்தது.

“புடிச்சியா?”

“புடிச்சிட்டேன்.”

“நூத்தி இருபத்தாறு.”

அண்ணன் எண்ணைப் பென்சிலால் சுவரில் எழுதினான். பலகையை முக்காலி மேல் கிடத்தி, முழங்காலால் அழுத்திக்கொண்டு அறுத்தான். மரத்தூள் அவன் செருப்பின் மேல் கோடாக விழுந்தது. அறுத்த பலகையை இரண்டு மூங்கில் சட்டங்களுக்கு நடுவே வைத்தபோது ஒரு பக்கம் முட்டியது. மறு பக்கம் எட்டவே இல்லை.

“எங்க புடிச்ச நீ?”

“ஓரத்துலதான்ண்ணா. கொக்கியை மாட்டித்தான் புடிச்சேன்.”

“கண்ணைத் தொறந்துக்கிட்டுப் புடிச்சியா?”

“சாரிண்ணா” என்றாள். தப்பு யாருடையது என்று தெரிவதற்கு முன்பே மன்னிப்புக் கேட்டுவிடுவது அவள் சுபாவம். பள்ளிக்கூடத்தில் வேறு யாரோ உடைத்த சோதனைக் குழாய்க்கு இவள் அழுதிருக்கிறாள்.

இரண்டாவது பலகையும் குறைந்தது. மூன்றாவதும். அண்ணன் ஒவ்வொரு இடைவெளியிலும் ஒரு மூங்கில் துண்டைச் செருகி ஆணி அடித்தான். “மூங்கில் பார்தானே, அழகாத்தான் இருக்கு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அவன் கை கழுவப் போனபோது அவள் அலமாரியிலிருந்து தன் பழைய பிளாஸ்டிக் அளவுகோலை எடுத்து வந்து அந்த இடைவெளிகளை அளந்தாள். பத்து சென்டி. பத்து சென்டி. பத்து சென்டி.

அவள் குடிநீர் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். ஊரெல்லாம் இருந்து வரும் தண்ணீர் பாட்டில்களில் உப்பு எவ்வளவு, இரும்பு எவ்வளவு என்று நாள் முழுக்க எண்களை எழுதுபவள். கவனக்குறைவால் வரும் தவறு ஒரு தரம் கூடும், ஒரு தரம் குறையும். எப்போதும் ஒரே பக்கம், ஒரே அளவு தவறினால் அதற்குப் பெயர் கவனக்குறைவு இல்லை. எங்கோ ஒரு காரணம் உட்கார்ந்திருக்கிறது. அதை அண்ணனிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அளவுகோலை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாள்.

மதியம் அண்ணி சாப்பாட்டுப் பையுடன் வந்தாள். அண்ணி வந்தால் வீட்டில் நாலு பேர் வந்த மாதிரி இருக்கும்.

“என்னடி, டிக்கி பார் எங்க வரைக்கும் வந்திருக்கு? எதிர்வீட்டம்மா கேக்குறாங்க, கார் டிக்கியில எப்படிங்க பார் வைப்பீங்கன்னு. அதுக்கு முதல்ல கார் வேணுமேன்னேன்.”

“அது வேற டிக்கி அண்ணி, பாரோட பேரே அதுதான். தீவுகள்ல இருக்குற மாதிரி. மூங்கில், புல் கூரை, மரத்துல முகம் செதுக்கின தூண்...”

“தெரியும்டி. உன் வீட்டுக்காரன் எத்தனை தடவை சொல்லியிருக்கான். குடிக்கவே தெரியாதவன் கட்டுற பார். அன்னாசி ஜூஸுக்கு இவ்வளவு ஜோடனை.”

அவள் கணவனை வேலையிடத்தில் எல்லாரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். அவளும் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள். அவனும் அண்ணனும் பதினோரு வருஷம் ஜோடியாகக் கடைகளுக்கு உள்வேலை செய்தவர்கள். அலமாரி, கவுன்டர், பரண் எல்லாம். ஒரு தடவை கடற்கரை ஓட்டல் ஒன்றுக்கு இந்த மாதிரி மூங்கில் பார் கட்டிக் கொடுத்துவிட்டு வந்த நாளிலிருந்து நெட்டைக்கு அதே நினைப்பு. நம்ம வீட்டுக்கும் நாலு பேர் வந்து உட்காரணும், அவங்களுக்கு நான் கிளாஸ்ல குட்டிக் காகிதக் குடை குத்தித் தரணும் என்பான். மூங்கில் வந்து இறங்கியது. இரண்டு தூண்கள் நின்றன. இடது தூணின் மேல்பாதியில் ஒரு முகம் செதுக்க ஆரம்பித்தான். அகலமான நெற்றி, உருண்டைக் கண் இரண்டு, மூக்கு. வாயை ஞாயிற்றுக்கிழமை செதுக்குகிறேன் என்றான். அதற்கு முந்தின வியாழக்கிழமை ஒரு துணிக்கடையில் பரண் போடும்போது பலகை நழுவி விழுந்து இறந்துபோனான். அதற்குப் பிறகு ஒன்பது மாதம் ஆகிவிட்டது.

அண்ணி முட்டை வைத்த ரொட்டியைப் பிரித்து அவள் தட்டில் வைத்தாள். அண்ணன் தன் பங்கை ஷெட்டிலேயே சாப்பிடுகிறேன் என்று எடுத்துப் போய்விட்டான். அண்ணி குரலைத் தாழ்த்தினாள்.

“இங்க பாரு. இந்த ஒன்பது மாசத்துல ஒரு கடை வேலை எடுக்கல உங்கண்ணன். நாலு பேர் கூப்பிட்டாச்சு. ஸ்டூல்ல ஏறி பல்பு மாட்டச் சொன்னா கூட கால் நடுங்குது. இந்த பாரை முடிச்சுட்டாப் போதும், பழையபடி ஆயிடுவேன்னு அவரே சொல்றாரு. அதை நம்பித்தான் இருக்கேன். நீ கொஞ்சம் கூட நின்னு முடிச்சுக் குடுடி.”

“நிக்கிறேன் அண்ணி.”

“வீட்ல எந்நேரமும் டேப்பும் கையுமா இருக்காரு. கட்டிலை அளக்குறாரு, ஜன்னலை அளக்குறாரு. போன வாரம் என் இடுப்பையே அளந்தாரு. பத்து சென்டி கம்மியா சொல்றாரு. எனக்கென்ன, சந்தோஷம்தான்.” அண்ணி சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். “அளக்கும்போது பேசுறாருடி. என்கிட்ட இல்ல.”

அந்தப் பத்தை அவள் மனசுக்குள் குறித்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது இன்னொன்று நினைவுக்கு வந்தது. நெட்டை இருந்தபோது இருவரும் ஷெட்டில் வேலை செய்தால் சமையலறைக்கு ஒரு தாளம் கேட்கும். அண்ணன், “புடிச்சியா?” நெட்டை ஏதோ ஒரு சொல் சொல்வான், அது மட்டும் குழாய்ச் சத்தத்தில் கேட்காது. அண்ணன் ஒரு எண் சொல்வான். பிறகு, “விடு.” உடனே டேப் சுருண்டு டப்பாவுக்குள் போய் அடிக்கும், சடக். புடிச்சியா, ஏதோ, எண், விடு, சடக். நாள் முழுக்க. இப்போது அண்ணன் விடு என்று சொல்வதே இல்லை. எண்ணைச் சொல்லிவிட்டு அவனே அவள் பக்கம் நடந்து வருகிறான். நுனியை அவள் விரலிலிருந்து வாங்கி, மெதுவாக, ஒரு சத்தமும் வராமல் டப்பாவுக்குள் அனுப்புகிறான்.

அடுத்த புதன்கிழமை ஆய்வகத்தில் மின்சாரம் போய்விட்டது. குளிர்ப்பெட்டிகளை மூடி வைத்துவிட்டு எல்லாரையும் அனுப்பிவிட்டார்கள். மூன்று மணிக்கெல்லாம் அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள். மழை இல்லை. வானம் மட்டும் கழுவாத சிலேட்டு மாதிரி இருந்தது. வீட்டுக்கு அண்ணனிடமும் ஒரு சாவி உண்டு. அவன் சைக்கிள் வாசலில் நின்றது. கூப்பிட வாயெடுத்தாள். அதற்குள் ஷெட்டிலிருந்து குரல் வந்தது.

“புடிச்சியா?”

பதில் இல்லை. பதில் சொல்லும் நேரம் மட்டும் கழிந்தது.

“எண்பத்தெட்டு.”

பென்சில் சுவரில் உரசும் சத்தம். அப்புறம் ரம்பம். அவள் குடையை மடக்கிக்கொண்டே நின்றாள். ரம்பம் நின்ற பிறகுதான் உள்ளே போனாள். அண்ணன் மட்டும்தான் இருந்தான். கவுன்டருக்குப் பின்னால் பாட்டில் வைக்கும் அடுக்கில் நடுத்தட்டைச் சட்டத்துக்குள் இறக்கிக்கொண்டிருந்தான். தட்டு இழுப்பறை மூடுவது போல் உள்ளே போய் உட்கார்ந்தது. ஒரு தாள் செருக இடமில்லை.

“வந்துட்டியா? டீ போடேன்” என்றான், திரும்பாமல்.

“யார்ண்ணா கூட இருந்தது?”

“யாரு இருப்பா?”

“டேப்பை யாரு புடிச்சா?”

“கொக்கி இருக்குல்ல. மாட்டிக்கிட்டேன்.”

அவள் டீ போட்டாள். அண்ணன் தம்ளருடன் வாசலுக்குப் போனதும் அடுக்கின் அருகே போய்ப் பார்த்தாள். காலையில்தான் சட்டத்துக்கு வார்னிஷ் அடித்திருக்கிறான், முழுதாகக் காயவில்லை. கொக்கி மாட்டியிருந்தால் விளிம்பில் ஒரு கீறல் விழுந்திருக்கும். கீறல் இல்லை. விளிம்பின் மேல் ஒரு கட்டைவிரல் தடம் இருந்தது. அகலமான விரல். அதன் குறுக்கே ஒரு கோடு. நெட்டையின் கட்டைவிரலில் உளி பட்ட தழும்பு ஒன்று அப்படிக் குறுக்கே ஓடும். வார்னிஷ் பிரஷ்ஷின் முடி ஒன்று ஒட்டி எடுத்திருந்தாலும் அப்படித்தான் இருக்கும். அவள் தன் விரலை அதன் மேல் வைத்துப் பார்க்கவில்லை. அண்ணனின் விரலைக் காட்டச் சொல்லவும் இல்லை. தெரிந்துகொள்ளாமல் விட்ட அளவு அவள் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

“மூணாவது தட்டை நான் புடிக்கிறேண்ணா” என்றாள்.

பிடித்தாள். கொக்கியை விளிம்பில் மாட்டி, கட்டைவிரலால் அழுத்தி, கண்ணை எடுக்காமல் பிடித்தாள். அதே அடுக்கு, அதே அகலம். “எழுபத்தெட்டு” என்றான் அண்ணன். எண்பத்தெட்டு என்று நடுத்தட்டுக்கு எழுதியது அவன் கைக்கு மேலேயே சுவரில் இருந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. அறுத்தான். பத்து சென்டி குறைந்தது.

“நீ புடிச்சா மட்டும் ஏன் பாப்பா இப்படி ஆகுது?” என்றான் அண்ணன். திட்டுகிற குரல் இல்லை. நிஜமாகவே கேட்டான்.

சனிக்கிழமை மத்தியானம் கண்ணாடிக்காரர் வந்தார். அடுக்குக்குப் பின்னால் ஒட்ட ஒரு கண்ணாடி கொண்டுவந்தார். நெட்டை இருந்தபோதே சொல்லி வைத்த கண்ணாடி. அண்ணனோடும் நெட்டையோடும் பத்துப் பன்னிரண்டு கடைகளில் வேலை செய்தவர். ஒல்லியான ஆள், மூச்சுக்கு மூச்சு தும்முவார். அண்ணன் புல்கட்டு வாங்கப் போயிருந்தான்.

“தங்கச்சி, ஒரு கை குடு. அந்தக் கடைசில புடிச்சுக்கோ.” தன் டேப்பை நீட்டினார். அவள் நுனியை வாங்கியதும் சிரித்தார். “முழுசா இருக்குற டேப்பு, பயப்படாத. ஓரத்துலயே புடி. உங்க ஆளுங்க டேப்பு மாதிரி பத்துல புடிக்க வேணாம்.”

“பத்துலயா?”

“தெரியாதா? நெட்டையோட டேப்பு நுனி ஒடஞ்சது. முதல் ரெண்டு மூணு சென்டியே கிடையாது. வேற வாங்குடான்னா கேக்கமாட்டான். பத்துல செவப்பா ஒரு ஒட்டு ஒட்டிக்கிட்டு அங்கதான் புடிப்பான். புடிச்சதும் ‘பத்து’ன்னு சத்தம் குடுப்பான். உங்கண்ணன் வர்ற அளவுல பத்தைக் கழிச்சுட்டுச் சொல்வான். பதினோரு வருஷம். தூக்கத்துல கூட கழிப்பாங்க ரெண்டு பேரும். நான் ஒரு நாள் நடுவுல போய் ஓரத்துல புடிச்சுட்டேன். ஒரு கண்ணாடி போச்சு. ரெண்டு பேரும் என்னைப் பேசின பேச்சு இருக்கே...” தும்மினார். “கடைசில உங்கண்ணன்தான் பொறுக்கமாட்டாம புது டேப்பு வாங்கினான்.”

“எப்ப வாங்குனாரு?”

கண்ணாடிக்காரர் கண்ணாடியின் பின்பக்கம் பசை தடவிக்கொண்டிருந்தார். கை நின்றது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அவருக்கு இஷ்டமில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

“அந்தத் துணிக்கடை வேலைக்கு முந்தின நாள்னு நினைக்கிறேன்மா. சரியா ஞாபகம் இல்ல.”

அவர் போன பிறகு அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து நெட்டையின் வேலைப்பையை இழுத்தாள். ஒன்பது மாதமாகத் திறக்காத பை. உளிகள், ரசமட்டம், பாதி தேய்ந்த பென்சில்கள். அடியில் பழைய டேப். நுனி பல் விழுந்த மாதிரி பிய்ந்திருந்தது. பத்தாவது சென்டியில் சிவப்பு ஒட்டுநாடா, கட்டைவிரல் பட்டுப் பட்டுக் கறுத்துப் போயிருந்தது.

தரையிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டாள். அதற்குக் காகிதம் தேவைப்படவில்லை. பரண் பலகை இரண்டு பக்கமும் இரும்புச் சட்டத்தில் ஆறு ஆறு சென்டி உட்கார வேண்டும் என்று விபத்தை விசாரித்தவர்கள் பேசிக்கொண்டது அவளுக்கு ஞாபகம் இருந்தது. மொத்தம் பன்னிரண்டு. அதில் பத்துப் போனால் இரண்டு. பக்கத்துக்கு ஒரு சென்டி. கீழேயிருந்து பார்த்தால் உட்கார்ந்த மாதிரிதான் தெரியும். ஒருவர் ஏறி நிற்கிற வரைக்கும் உட்கார்ந்துதான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மழை காலையிலேயே பிடித்துக்கொண்டது. புல்கட்டுகளை ஷெட்டின் நடுவில் பிரித்துப் போட்டிருந்தார்கள். ஈரப் புல் வாசனை வீடு முழுக்க நிறைந்திருந்தது. பாக்கி இருந்தது ஒரே ஒரு பலகை. இரண்டு தூண்களின் தலைக்கு மேலே கிடக்க வேண்டிய பலகை. புல் கூரையின் முன்விளிம்பு அதன் மேல்தான் நிற்கும். அண்ணன் அதைக் கடைசி வரை தள்ளிக்கொண்டே வந்திருந்தான். இரண்டு பக்கம் தாங்கலில் கிடக்கும் பலகை, தலைக்கு மேலே. அது ஏன் கடைசியாக வந்தது என்று அவளுக்கு இப்போதுதான் புரிந்தது.

அவள் பழைய டேப்பைக் கவுன்டர் மேல் வைத்தாள்.

அண்ணன் அதைப் பார்த்தான். முக்காலியில் உட்கார்ந்தான். சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்துத் திரும்பவும் பையிலேயே வைத்தான்.

“கண்ணாடிக்காரர் சொன்னாரா?”

“ம்.”

“அவருக்குப் பாதிதான் தெரியும்.” கூரையில் மழை பலத்தது. அவன் குரலை உயர்த்தவில்லை, அதனால் அவள் அருகில் போய் நிற்க வேண்டியிருந்தது. “அன்னைக்கு புடிச்சியான்னு கேட்டேன். ‘ம்’னான். அவ்வளவுதான். பத்துன்னு சொல்லல பாப்பா. பதினோரு வருஷத்துல ஒரு நாள் சொல்லாம இருந்ததில்ல. சொல்லலைங்கிறது எனக்குத் தெரிஞ்சுது. சாப்பாட்டு நேரம், பசி. திரும்பக் கேக்க சோம்பேறித்தனம். கழிச்சுட்டேன்.”

அவள் பழைய டேப்பின் சிவப்பு ஒட்டைப் பார்த்தாள்.

“ஆனா இங்க வந்து பாரு.” எழுந்தான். நடுத்தட்டைத் தட்டிக் காட்டினான். “இது உக்காந்திருக்கு. கவுன்டர் அடியில கால் வைக்கிற பலகை, அதுவும் உக்காந்திருக்கு. நீ இல்லாதப்ப எடுத்த அளவு அத்தனையும் சரியா இருக்கு. நான் கழிக்கத்தான் செய்றேன். கழிச்சும் சரியா வருதுன்னா என்ன அர்த்தம்? அங்க ஒருத்தன் பத்துல புடிக்கிறான். எப்பவும் புடிக்கிறவன்தான். அவன் பழக்கம் மாறல. அப்ப அன்னைக்கும் பத்துலதானே புடிச்சிருப்பான்? பலகை வேற எதனாலயோ வழுக்கியிருக்கும். இல்ல பாப்பா?”

அவன் கண் அவள் வாயையே பார்த்தது. ஆமாம் என்று சொன்னால் போதும். அண்ணி கேட்டது அதைத்தான், கொஞ்சம் கூட நின்னு முடிச்சுக் குடுடி. சமையலறையில் அண்ணி ஏதோ வதக்குகிற சத்தம் கேட்டது. ஆனால் ஆமாம் என்றால், அண்ணன் இந்த ஷெட்டை விட்டு வெளியே வரவே மாட்டான். தட்டு மேல் தட்டாக அளந்துகொண்டே இருப்பான். புடிச்சியா, புடிச்சியா என்று கேட்டுக்கொண்டே இருப்பான். நெட்டையும் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும்.

“இல்லண்ணா” என்றாள். “அன்னைக்கு புது டேப்பு. அவர் ஓரத்துலதான் புடிச்சிருக்காரு.”

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான்.

“உன் மேல கோவம் இல்லைன்னு சொல்லமாட்டேன். எனக்கே இப்ப தெரியல. தெரிஞ்சா சொல்றேன்.” அவள் இவ்வளவு நீளமாகப் பேசி அவனே கேட்டதில்லை.  “இந்தப் பலகைக்கு நான் புடிக்கிறேன். ஓரத்துல புடிப்பேன். பூஜ்யம்னு சத்தம் குடுப்பேன். நீ கழிக்கக் கூடாது. வர்ற எண்ணை அப்படியே சொல்லணும்.”

“கழிக்காம சொன்னா...” அண்ணன் இடது தூணைப் பார்த்தான். அந்தத் தூணுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் நுழைகிற அளவு இடம் இருந்தது. கவுன்டருக்குப் பின்னால் போக நெட்டை விட்ட வழி. “கழிக்காம சொன்னா அங்க யாரும் இல்லைன்னு ஆயிடும் பாப்பா.”

“ஆமாண்ணா.”

அவள் ஸ்டூல் போட்டு இடது தூண் அருகே ஏறினாள். வாயில்லாத முகம் அவள் முழங்கால் உயரத்தில் இருந்தது. அண்ணன் வலது பக்கம் ஒரு ஸ்டூலை இழுத்தான். ஒரு காலை வைத்தான். எடுத்தான். மறுபடி வைத்து ஏறினான். பேன்ட்டுக்குள் அவன் கெண்டைக்கால் நடுங்குவது இங்கிருந்து தெரிந்தது. டேப் இரண்டு தூண் தலைகளுக்கும் மேலே நீண்டது. கொக்கியைத் தூணின் வெளி விளிம்பில் மாட்டி, கட்டைவிரலால் அழுத்தினாள்.

“புடிச்சியா?”

“பூஜ்யம்” என்றாள்.

மேலே தகரத்திலிருந்து துருத்தூசி உதிர்ந்து கண்ணில் விழுந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த ஒரு நொடி டேப் லேசாக இழுபட்டது. அண்ணன் சரிசெய்கிறான் என்று நினைத்தாள். பிறகு, இழுத்தது அண்ணன் பக்கம் இல்லை என்று தோன்றியது.

நெடுநேரம் கழித்து அண்ணன் சொன்னான். “நூத்தி தொண்ணூத்தி நாலு.”

“கழிச்சியா?”

“இல்ல.”

சுவரில் எழுதினான். அறுத்தான். வழக்கத்தைவிட மெதுவாக, கோட்டின் மேலேயே. இருவருமாகப் பலகையைத் தூக்கி ஸ்டூல்களில் ஏறித் தூண்களின் மேல் கிடத்தினார்கள். வலது பக்கம் விளிம்போடு விளிம்பு சேர்ந்தது. இடது பக்கம் பலகை தூணைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

அளவுகோல் தேவைப்படவில்லை. இத்தனை நாளில் அவள் கண்ணுக்கு அந்த நீளம் பழகிவிட்டது.

“கூட இருக்கு” என்றான் அண்ணன். “கழிக்கக் கூடாது, கழிக்கக் கூடாதுன்னே நினைச்சுட்டு... கூட்டிட்டேனோ?”

“திரும்ப அளப்போம்.”

இந்த முறை அவள் பிடிக்கவில்லை. பலகைக்குக் கீழே, தூண்களின் முன்பக்கமாக டேப்பை நீட்டி, கொக்கியை இடது தூணின் வெளி விளிம்பில் மாட்டி, டேப் விறைப்பாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்கினாள். அண்ணனின் ஸ்டூல் பக்கம் வந்து எம்பி எட்டிப் பார்த்தாள். எண்ணைத் தன் கண்ணால் படிக்க வேண்டும் என்று இருந்தது. நூற்று எண்பத்து நான்கு. தெளிவாக, தூணின் வெளி விளிம்புக்கு நேராக.

“நூத்தி எண்பத்தி நாலுதான்ண்ணா. அப்ப முதல்ல...”

எண் நகர்ந்தது.

நூற்று எண்பத்தைந்து தூண் விளிம்புக்கு வந்தது. எண்பத்தாறு. அண்ணனின் கையிலிருந்த டப்பாவிலிருந்து டேப் மெல்ல, அவசரமில்லாமல் வெளியே போய்க்கொண்டிருந்தது. அதன் உள்ளே சுருள் பிரியும் சின்னச் சத்தம் கேட்டது. தொண்ணூறு. தொண்ணூற்று இரண்டு. நூற்று தொண்ணூற்று நான்கில் நின்றது.

அவள் இடது பக்கம் பார்த்தாள். கொக்கி தூண் விளிம்பிலிருந்து கழன்று, அதைத் தாண்டி, சுவருக்கும் தூணுக்கும் நடுவிலிருந்த வழிக்கு மேலே காற்றில் நின்றது. தொங்கவில்லை. ஆடவில்லை. டேப் தூணின் முன்பக்கத்தில் அழுந்தி, கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது. பத்தாவது சென்டி தூண் விளிம்பில் இருக்கும் என்று அவளுக்குப் போய்ப் பார்க்காமலே தெரிந்தது. அவள் இரண்டு கைகளும் அண்ணனின் ஸ்டூல் விளிம்பைப் பற்றிக்கொண்டிருந்தன.

மழை விட்டிருந்தது. கூரை ஓரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக வடிந்தது.

அண்ணனும் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கால் நடுக்கம் எப்போது நின்றது என்று தெரியவில்லை. டப்பாவைப் பிடித்திருந்த கை நேராக, வேலை செய்கிற கையாக இருந்தது.

“கூட இருந்தா வெட்டிக்கலாம்பான்” என்றான் மெதுவாக. “எப்பவும் சொல்லுவான். குறைஞ்சாதான் ஒண்ணும் பண்ண முடியாதும்பான்.”

அவள் அவன் கணுக்காலைத் தொட்டாள். சொல்லு என்கிற மாதிரி.

அண்ணன் தொண்டையைச் செருமினான். இந்த ஒன்பது மாதமும் சொல்லாததை, ஷெட்டின் மறு கோடிக்குக் கேட்கிற குரலில் சொன்னான்.

“மாப்ள. போதும்டா. விடு.”

டேப் பாய்ந்து வந்தது. பலகையின் அடியில் படபடவென்று உரசி, டப்பாவுக்குள் போய் அடித்தது. சடக்.

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. அந்தத் தாளம் அண்ணிக்கும் தெரியும்.

“என்ன சத்தம் அங்க?” என்று கேட்டாள் அண்ணி. “யாரு வந்திருக்கா?”

அண்ணன் ஸ்டூலிலிருந்து இறங்கினான். ரம்பத்தை எடுத்துக்கொண்டு இடது பக்கம் போனான். நீட்டிக்கொண்டிருந்த பலகையின் அடியில், தூண் விளிம்புக்கு நேராகப் பென்சிலால் கோடு போட்டான்.

“யாரும் இல்ல” என்றான். “அளவு எடுத்தாச்சு.”